ஒட்டாவா போர் மியூசியம்: டாங்கியைப் பாக்கப் போனாலும் நாலாவது கலரிக்கு நேரம் மிச்சம் வையுங்கோ

ஒட்டாவாவுக்கு ஆராவது சுத்திப் பாக்கப் போறம் எண்டால் பார்லிமென்ட், ரிடோ கனால், டியூலிப் பூ, கையில ஒரு பீவர்டெயில் (எண்ணெயில பொரிச்ச இனிப்பு ரொட்டி), அதோட லிஸ்ட் முடிஞ்சுது. கனடா போர் மியூசியம் எண்டு வாயெடுத்தால் எங்கட சனம் "சண்டைக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள், பேந்தென்ன காசு குடுத்து அதைப் பாக்கிறது" எண்டு கேக்கும். நியாயமான கேள்விதான், நான் மறுக்கேல்ல. ஆனா அங்க சண்டை மட்டுமில்லை, ஒரு நாடு தன்ர ஆமியை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு, அங்க நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு இந்த ஆமியை இனி நம்பிறதோ விடுறதோ எண்டு தனக்குள்ளயே அடிபட்ட கதையும் கிடக்கு. நான் எழுதுறது அதைப் பற்றித்தான். டாங்கி, பீரங்கி படம் வேணுமெண்டால் கூகிள்ல ஆயிரம் இருக்கு, அதுக்கு ரிவியூ தேவையில்லை.

முதல் கட்டிடம். லெப்ரெட்டன் பிளாட்ஸ் எண்ட இடத்தில, ஆத்தங்கரையோரம். 2005 மே 8ம் திகதி திறந்தது, ஐரோப்பாவில இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு சரியா 60 வருசம். டிசைன் பண்ணினது ரேமண்ட் மொரியாமா, யப்பான் வம்சாவளி கனேடியர். அவர் சின்னப் பெடியனா இருக்கேக்க, யப்பானோட போர் எண்டு சொல்லி இதே கனடா அரசாங்கம்தான் அவரையும் குடும்பத்தையும் பிடிச்சு பிரிட்டிஷ் கொலம்பியாவில காம்பில போட்டது. பேந்து அவரிட்டயே நாட்டின்ர போர் மியூசியத்தைக் கட்டித் தாங்கோ எண்டு குடுத்திருக்கினம், இது எனக்கு இண்டைக்கும் பிடிச்ச விசயம். மொட்டைக் கொங்கிறீட், சரிஞ்ச சுவர், சரிஞ்ச நிலம், கூரையில புல்லு. உச்சியில இருக்கிற சின்னச் சின்ன ஜன்னலுகள் மோர்ஸ் கோட்டில ‘மறக்கமாட்டம்’ எண்ட வசனத்தை இங்கிலீசிலயும் பிரெஞ்சிலயும் சொல்லுதாம். மெமோரியல் ஹோல் எண்டு ஒரு அறை இருக்கு, பெயர் தெரியாத சிப்பாயின்ர பழைய கல்லறைக் கல் அங்க வச்சிருக்கு, நவம்பர் 11 காலமை 11 மணிக்கு ஒரு ஜன்னலால வெயில் நேரா வந்து அந்தக் கல்லில விழும். நவம்பரில ஒட்டாவாவில வெயில் எறிச்சால் எண்டு சேத்து வாசியுங்கோ.

முதல் மூண்டு கலரியையும் கெதியாச் சொல்லி முடிக்கிறன். இந்த மண்ணில நடந்த பழைய சண்டையள், பேந்து தென்னாபிரிக்காவும் முதலாம் உலகப்போரும், பேந்து இரண்டாம் உலகப்போர். முதலாம் உலகப்போரில சண்டை நடந்த பாஷண்டேல் சேத்தையும் ட்ரெஞ்சையும் செய்து வச்சிருக்கினம், அதுக்குள்ளால நடக்கலாம், பிள்ளையளுக்கு நல்ல விருப்பம், எங்கட வயசு ஆக்களுக்கு பங்கருக்குள்ள இருந்த ஞாபகம் வரும், அது அவரவர் விருப்பம். ஹிட்லர் ஊர்வலம் போன கறுப்பு மெர்சிடிஸ் கார் ஒண்டு நிக்கு, அதுக்கு முன்னால நிண்டு செல்பி எடுக்கிற சனத்தைப் பாக்கேக்கதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காரை வச்சது பிழையில்லை, போஸ் குடுக்கிறதுதான் விளங்கேல்ல.

சரி, நாலாவது கலரி. குளிர்போரில இருந்து இண்டைக்கு வரைக்கும். கனடாக்காரருக்கு இந்தப் பகுதி கொஞ்சம் பெருமையான பகுதி, ஏனெண்டால் இஞ்சதான் ஐநா நீலத் தொப்பி வருது. 1956ல எகிப்தில சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை வரேக்க ரெண்டு பக்கத்துக்கும் நடுவில ஐநா படை ஒண்டைக் கொண்டுபோய் விடுவம் எண்டு அப்ப கனடா வெளிநாட்டு அமைச்சரா இருந்த லெஸ்டர் பியர்சன் முன்னுக்கு நிண்டு செய்தார், 1957ல அவருக்கு நோபல் சமாதானப் பரிசு, பேந்து பிரதமரும் ஆனார், ரொறன்ரோவில நாங்கள் வந்து இறங்கின எயார்ப்போர்ட்டுக்கும் அவரின்ர பெயர்தான். அதுக்குப் பிறகு கனடா ஆமி எண்டால் சண்டைக்காரர் இல்லை, சமாதானக்காரர் எண்டு இந்த நாடே தன்னைப் பற்றி ஒரு கதை சொல்லத் தொடங்கிச்சுது. 1992ல சசெக்ஸ் டிரைவில நீலத்தொப்பிக்காரருக்கு நினைவுச்சின்னம் கட்டிச்சினம், 1995ல அதை ஒரு டொலர் குத்தியில போட்டவை, 2001ல வந்த பத்து டொலர் தாளிலயும் நீலத் தொப்பியோட ஒரு ஆள். ஒரு ஆமியைச் சில்லறைக் காசில போடுற அளவுக்கு நம்பினது எண்டால் பாருங்கோ.

இதில எங்களோட வந்த மாமி, அதாவது மனிசியின்ர அம்மா, நல்ல நேரமா நிண்டிட்டா. மாமி யாழ்ப்பாணத்தில 87ல இருந்தவ. அமைதி காக்கும் படை எண்ட பேரை எங்களைப் போல ஆக்கள் வேற மாதிரித்தான் கேப்பம், இதை இஞ்ச பிறந்தவைக்கு விளங்கப்படுத்திறது கஸ்டம். யூலை 29ம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்தியன் ஆமி வந்து இறங்கேக்க றோட்டில நிண்டு மாலை போட்ட சனம்தான் நாங்கள், ஒக்டோபரில அந்த ஆமிக்கும் புலியளுக்கும் சண்டை தொடங்கிச்சுது, மூண்டு மாசம் கூட இல்லை, ஒக்டோபர் 21ம் திகதி தீபாவளி, அண்டைக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள பூந்து டொக்டர்மார், நேர்சுமார், நோயாளியள் எண்டு பாராமச் சுட்டவை, 60 பேருக்கு மேல. மறுபக்கம் அந்த ஆமியிலயும் 1,100 பேருக்கு மேல செத்தவை, ஏன் வந்தம் ஆரோட சண்டை எண்டு கனபேருக்கு விளங்காமலே. 1990 மார்ச்சில கடைசி ஆக்கள் கப்பலில மெட்ராஸ் போய் இறங்கேக்க முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகேல்ல. அனுப்பினது டெல்லி, அவமானம் வாங்கினது சிப்பாய். அந்த விசயம் எங்கட வீடுகளில கதைக்கிற அளவுக்கு இந்தியாவில கதைக்கிறேல்ல எண்டுதான் நான் நினைக்கிறன்.

மாமி கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, இவை போன இடத்தில அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது எண்டு எங்கயாவது எழுதி வச்சிருக்கினமே?"

ஒரு போர் மியூசியத்துக்கு மார்க் போடுறதெண்டால் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியேல்ல.

அதுக்கு மறுமொழி சொல்லோணும் எண்டால் சோமாலியாவுக்குப் போகோணும். 1992 டிசம்பரில பெட்டவாவா காம்பில இருந்த கனடா எயார்போர்ன் ரெஜிமென்டை பஞ்சத்துக்கு உதவி செய்யவெண்டு சோமாலியாவில பெலெட்வெய்ன் எண்ட ஊருக்கு அனுப்பினவை. 1993 மார்ச் 4ம் திகதி காம்புப் பக்கம் வந்த ரெண்டு பேரைச் சுட்டு அதில ஒராள் செத்தார். மார்ச் 16 இரவு ஷிடேன் அரோன் எண்ட 16 வயசுப் பெடியன் காம்பு எல்லைக்குள்ள ஒளிச்சிருக்கேக்க பிடிபட்டான், கட்டி வச்சு மணித்தியாலக் கணக்கா அடிச்சுக் கொண்டிட்டினம். அடிச்சவையில ஒராள் போஸ் குடுத்திருக்கு, மற்ற ஆள் போட்டோ எடுத்திருக்கு. கத்தின சத்தம் காம்பில கனபேருக்குக் கேட்டது, வந்து நிப்பாட்டினவன் ஒருத்தன் கூட இல்லை.

விசயம் வெளிய வந்த விதம்தான் இன்னும் மோசம். ஆமியா வந்து சொல்லேல்ல. பெட்டவாவாவுக்குப் பக்கத்து ஊரில பெம்புரோக் ஒப்சேவர் எண்டு ஒரு சின்னப் பேப்பர், எங்கட ஊர்ப் பெடியள் சோமாலியாவில என்ன செய்யினம் எண்டு எழுத அதின்ர ரிப்போட்டர் அந்த நேரம் காம்பில நிண்டவர், கைதான சிப்பாய் தூக்குப்போட முயற்சி செய்து ஸ்ட்ரெச்சரில கொண்டுபோறதை அவர் கண்டிட்டார். அப்பிடித்தான் நாட்டுக்குத் தெரிய வந்தது. ஒரு லோக்கல் பேப்பர்க்காரன் அண்டைக்கு அங்க நிக்காட்டி என்ன நடந்திருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. தூக்குப்போட்ட சிப்பாய் தப்பினாலும் மூளை பாதிச்சு வழக்கை விளங்கிற நிலையில இல்லையெண்டு விட்டாச்சு, மற்றவருக்கு அஞ்சு வருசம். மேல இருந்த ஒபிசர்மார் எண்டு பாத்தால் பெரிய தண்டனை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை.

1995 சனவரியில அதே ரெஜிமென்டின்ர வீடியோக்கள் ரீவியில வந்தது, புது ஆக்களைப் பகிடிவதை செய்யிறதும் நிறவெறிக் கதையளும், பாத்தால் வயித்தைப் பிரட்டும். ரெண்டு மாசத்தில அரசாங்கம் எயார்போர்ன் ரெஜிமென்டையே கலைச்சிட்டுது. விசாரணைக் கமிசன் ஒண்டு போட்டவை, அது தோண்டத் தோண்ட என்ன வந்தது தெரியுமோ, கனடா அரச ஒலிபரப்பு நிறுவனம் சிபிசியின்ர ரிப்போட்டர் கேட்ட ஆவணங்களை ஆமித் தலைமையகத்தில மாத்தி எழுதிக் குடுத்த கதை. முப்படைத் தளபதி ஜோன் போயில் 1996 ஒக்டோபரில பதவியை விட்டார். பேந்து 1997 தொடக்கத்தில அரசாங்கம் கமிசனைப் பாத்து "காணும், முடியுங்கோ" எண்டு சொல்லிச்சுது, இந்த நாட்டில ஒரு பொது விசாரணையைப் பாதியில நிப்பாட்டினது அதுதான் முதல்தரம்.

நான் அந்த நேரம் இஞ்ச வந்து கொஞ்ச வருசம், இங்கிலீஸ் பேப்பரை டிக்‌ஷனரியோட வாசிக்கிற காலம். எனக்கு இண்டைக்கும் நினைப்பு இதுதான்: சோமாலியாவில நடந்ததால ஆமியில நம்பிக்கை போச்சுது எண்டு சொல்லுறது அரைவாசி உண்மை. போன ஆயிரத்துச் சொச்சம் பேரில சிலர் மிருகமா நடந்தது எண்டு சனம் ஒருமாதிரி ஏத்துக்கொள்ளும், ஏத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனா ஒட்டாவாவில ஏசி அறைக்குள்ள இருந்து பேப்பரைத் திருத்தினதை ஏத்துக்கொள்ளேல்ல. அது போர்க்களமும் இல்லை, வெயிலும் இல்லை, பயமும் இல்லை, வடிவா யோசிச்சுச் செய்தது.

இப்ப மியூசியத்துக்கு வாறன். இது திறந்த 2005லயே நான் ஒருக்காப் போனனான், அதுக்குக் காரணமே ஒரு படம்தான். கெர்ட்ரூட் கேர்ன்ஸ் எண்ட ஓவியர் அந்த சோமாலியா போட்டோவை வச்சுப் பெரிய ஓவியமா வரைஞ்சிருந்தவ, கட்டி வச்ச பெடியனும் பக்கத்தில பொல்லோட ஆமிக்காரனும். தண்டனை வாங்கின மற்றச் சிப்பாயைப் பற்றியும் ஒண்டு. புது மியூசியம் திறக்கேக்க அந்தப் படங்களைத் தொங்கவிடப் போகினம் எண்டு தெரிஞ்சதும் பழைய ஆமிக்காரர் சங்கங்கள் கொதிச்சுப் போச்சினம், உலகப்போரில காலைக் குடுத்த எங்களுக்குப் பக்கத்தில இந்தக் கேவலத்தை ஏன் வைக்கிறியள், திறப்பு விழாவுக்கே வரமாட்டம் எண்டு. அவையின்ர கோவத்திலயும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா மியூசியம் படத்தைக் கழட்டேல்ல.

நான் அதுக்கு முன்னால நிண்டனான், சரியாப் பெரிய படம், நிறமெல்லாம் கண்ணைக் குத்துற மாதிரி, கிட்டப் போக ஏலாது, விலகிப் போகவும் மனம் வராது. அண்டைக்குத்தான் எனக்கு இந்த நாட்டு ஆமியில கொஞ்சம் நம்பிக்கை வந்தது, கேக்கப் பகிடியா இருக்கும். அந்தப் படம் ஆமியைப் பற்றி நல்லதா ஒண்டும் சொல்லேல்ல. ஆனா ஒரு அரசாங்கத்தின்ர சொந்தச் சுவரில, திறப்பு விழா அண்டைக்கு, அது தொங்கிச்சுது. நான் பிறந்த நாட்டில எந்த ஆமி எண்டாலும், எந்த இயக்கம் எண்டாலும், தான் செய்த கொலையைத் தன்ர மண்டபத்தில மாட்டி வச்சதை நான் காணேல்ல. மாமிக்கு இதைச் சொன்னன், "அப்ப எழுதி வச்சிருக்கினம் எண்டு சொல்லு" எண்டா, அதோட அடுத்த பக்கம் நடந்திட்டா.

ஒண்டு கவனிக்கோணும், போர் ஓவியம் மட்டும் இந்த மியூசியத்திட்ட 13,000க்கு மேல இருக்கு, அதால மாத்தி மாத்தித்தான் போடுவினம். குறிப்பிட்ட படம் ஒண்டைப் பாக்கத்தான் ஒட்டாவா வரைக்கும் கார் ஓடுறியள் எண்டால் போக முதல் போன் எடுத்துக் கேளுங்கோ.

என்ர மகள் 10ம் வகுப்பில கனடா வரலாறு படிச்சவள். பியர்சன் தெரியும், முதலாம் உலகப்போரில கனடா வெண்ட விமி சண்டை தெரியும், சோமாலியா எண்டால் கடற்கொள்ளைக்காரர்தான் தெரியும். அரோனின்ர வயசும் தன்ர வயசும் ஒண்டு எண்டு தெரிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் போனைத் தூக்கேல்ல, அந்த வயசுப் பிள்ளையளிட்ட அது பெரிய விசயம்.

சரி, கெட்டுப்போன நல்ல பேரை ஆமி எப்பிடித் திருப்பி எடுத்தது? வெளிநாட்டில இல்லை, வீட்டிலதான். இதை லெப்ரெட்டன் கலரியில டாங்கியளுக்கு நடுவில நிண்ட ஒரு ரிட்டயர் பண்ணின ஆமிக்காரர்தான் எனக்கு வடிவாச் சொன்னார், கதை குடுத்தால் விட மாட்டார், நல்ல மனுசன். அவர் 90களில பொஸ்னியாவில நிண்டவராம். லீவில ஊருக்கு வரேக்க பார்பர் சலூனில என்ன வேலை எண்டு கேட்டால் "கவுண்மேந்து வேலை" எண்டு மட்டும் சொல்லுவாராம், யூனிபோர்மோட கடைக்குப் போகவே கூச்சம். பேந்து 1997ல மனிடோபாவில ரெட் ரிவர் பெருகினது, ஆயிரக்கணக்கில ஆமி போய் மண்மூட்டை அடுக்கிச்சுது. 1998 சனவரியில ஐஸ் ஸ்டோர்ம், கியூபெக்கிலயும் கிழக்கு ஒன்ராரியோவிலயும் கரண்ட் இல்லாம லட்சக்கணக்கில சனம், 15,000 பேருக்கு மேல ஆமி இறங்கினது. அடுத்த வருசம் எங்கட ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் சினோ கொட்டினதுக்கு ஆமியைக் கூப்பிட்டு நாடு முழுக்கச் சிரிச்சது, ஸ்காபரோவில அப்ப இருந்தவைக்கு ஞாபகம் இருக்கும், கார் எங்க நிக்கு எண்டு தேடின காலம்.

அந்த மனுசன் சொன்ன ஒரு வசனம் எனக்குத் திருப்பித் திருப்பி வருது: "மண்மூட்டைக்குக் கை தட்டிச்சினம். பொஸ்னியாவில என்ன செய்தனீர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல." அதில உண்மை இருக்கு. 1993 செப்ரெம்பரில குரோவேசியாவில மெடாக் எண்ட இடத்தில கனடா நீலத்தொப்பிக்காரர் குரோவேசிய ஆமியோடயே சண்டை பிடிக்க வேண்டி வந்தது, ஐநா சொன்னபடி நடுவில போய் நிக்கவெண்டு. சோமாலியா பிரச்சினை கொதிச்சுக்கொண்டிருந்த நேரம், அந்தக் கதையை ஒருத்தரும் வெளிய பெரிசாச் சொல்லேல்ல, 2002லதான் அந்த யூனிட்டைக் கூப்பிட்டுப் பாராட்டினவை. ஒளிக்கிற பழக்கம் வந்தால் கெட்டதோட சேத்து நல்லதும் ஒளிஞ்சு போகும்.

ஆப்கானிஸ்தான் பகுதிக்கு வந்தால் எங்களைப் போல ஒன்ராரியோவின்ர 401 நெடுஞ்சாலைக் கரையில இருக்கிற ஆக்களுக்கு அது மியூசியம் விசயமே இல்லை, கண்ணால கண்டது. 2002 ஏப்ரலில முதல் நாலு பேர் செத்தது தலிபானால இல்லை, அமெரிக்க எப்-16 பிழையாப் போட்ட குண்டால. பேந்து 2006ல காந்தகாரில சண்டை முறுகினது, பெட்டியள் வரத் தொடங்கிச்சுது. 2014ல எல்லாம் முடியேக்க செத்த கனடா ஆமி 158 பேர். ட்ரென்டன் விமானத்தளத்தில இறக்கி 401ஆல ரொறன்ரோவுக்குக் கொண்டு வருவினம், வழியில ஒவ்வொரு பாலத்திலயும் சனம் கொடியோட, பயர் ட்ரக்கோட, குளிரிலயும் நிக்கும். அரசாங்கம் ஒழுங்கு பண்ணினதில்லை அது, சனமாத் தொடங்கினது, 2007ல பேந்துதான் ஒன்ராரியோ அந்த றோட்டுக்கு ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ எண்டு பெயர் வச்சது. நாங்கள் வேலை முடிஞ்சு வரேக்க ட்ராபிக்கில மாட்டுப்பட்டு மேல பாத்தால் பாலம் முழுக்கச் சிவப்பு. இதில விளங்க வேண்டியது என்னெண்டால் அதே சனத்திட்ட காந்தகாரில கனடாவுக்கு என்ன வேலை எண்டு கேட்டால் அரைவாசிப் பேர் தெரியாது எண்டோ வேண்டாம் எண்டோதான் சொல்லும். சிப்பாயில நம்பிக்கை, அனுப்பினவனில சந்தேகம். மெட்ராஸ் துறைமுகத்தில நடந்ததுக்கு நேர் எதிர், அங்க ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பினவை.

அதுக்காக ஆப்கானிஸ்தான் சுத்தமான கதை எண்டு நினைக்கப்படாது. கனடா ஆமி பிடிச்சு ஆப்கான் அதிகாரியளிட்டக் குடுத்த கைதியளை அங்க சித்திரவதை செய்யினம் எண்டு 2007ல பேப்பரில வந்தது, 2009 நவம்பரில ரிச்சர்ட் கொல்வின் எண்ட ராஜதந்திரி பார்லிமென்ட் கமிட்டிக்கு முன்னால வந்து இதை நாங்கள் எழுத்தில எச்சரிச்சனாங்கள் எண்டு சொன்னார். அந்த வருசக் கடைசியில அப்ப பிரதமரா இருந்த ஹார்ப்பர் பார்லிமென்டையே கொஞ்ச மாசம் மூடிப்போட்டார், பேந்து 2010 ஏப்ரலில சபாநாயகர் பீற்றர் மிலிக்கன் ஆவணங்களைக் கேக்கிறதுக்குப் பார்லிமென்டுக்கு உரிமை இருக்கு எண்டு தீர்ப்புச் சொன்னார். திரும்பவும் பேப்பர், திரும்பவும் ஒளிப்பு. ஆனா இந்தமுறை சனத்தின்ர கோவம் ஆமியில விழேல்ல, அரசாங்கத்தில விழுந்தது. 93ல இருந்து ஆராவது ஒண்டைப் படிச்சிருக்கினம் எண்டால் அது ஆமியா சனமா எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல.

மியூசியத்துக்கு முன்பக்கம் ஆப்கானிஸ்தான் மிஷனுக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் வரப்போகுது, அதிலயும் ஒரு இழுபாடு. நடுவர் குழு ஒரு டிசைனைத் தெரிவு செய்தது, 2023ல அரசாங்கம் அதை விட்டிட்டு, ஒன்லைனில நடத்தின கருத்துக் கேட்டலில ஆமிக்காரரும் குடும்பங்களும் இதைத்தான் விரும்பினவை எண்டு சொல்லி வேற டிசைனை எடுத்தது. கட்டிடக்கலைக்காரர் எல்லாம் கத்தினவை, போட்டி விதி எண்டால் விதிதானே எண்டு. எனக்கு ரெண்டு பக்கமும் நிண்டு பாக்க ஏலுது. இறந்தவனின்ர தாய்க்குப் பிடிச்ச சின்னம் வேணும், ஆனா நடுவர் வச்சுப் போட்டி நடத்திப்போட்டு முடிவை மாத்தினால் பேந்தென்னத்துக்கு நடுவர்.

இனி பயனுள்ள கதை. ரொறன்ரோவில இருந்து நாலரை மணித்தியாலம் கார் ஓட்டம், கட்டிடத்துக்குக் கீழயே பார்க்கிங் இருக்கு, காசு கட்டோணும். கார் இல்லாட்டி ஒட்டாவா ட்ரெயினில பிமிசி ஸ்டேசனில இறங்கி நடக்கலாம், கிட்டத்தான். வியாழக்கிழமை பின்னேரம் கொஞ்ச நேரம் சும்மா விடுவினம், நவம்பர் 11ம் சும்மாதான், ஆனா அண்டைக்குச் சனம் நெரியும், நேரத்தையும் டிக்கட் விலையையும் அவையின்ர வெப்சைட்டில பாத்திட்டுப் போங்கோ, அடிக்கடி மாறும். ஆத்துக்கு அங்கால கட்டினோவில இருக்கிற வரலாற்று மியூசியத்தையும் சேத்துப் பாக்கிற டிக்கட் இருக்கு, ஆனா ரெண்டையும் ஒரே நாளில செய்யிறது மடைத்தனம், கால் கழண்டிடும்.

பிள்ளையளோட போறவைக்கு ஒரு ஐடியா. எல்லாரும் முதலாவது கலரியில தொடங்கி மூண்டாவதில களைச்சுப் போய் நாலாவதை ஓடி ஓடிப் பாத்திட்டு டாங்கியளிட்டப் போயிடுவினம். நீங்கள் நேர நாலாவதில தொடங்குங்கோ. அது முடிய லெப்ரெட்டன் கலரி, பெரிய கூடம், பிள்ளையள் டாங்கியைச் சுத்தி ஓடட்டும். மிச்சத்தைத் தெம்பு இருந்தால் பாருங்கோ. கபெற்றீரியா இருக்கு, வழமையான சான்ட்விச், சூப், கோப்பி. நாங்கள் வழமை போல இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் வெளிய ஆத்தங்கரைப் புல்லில இருந்து சாப்பிட்டனாங்கள், வெயில் நாளில அந்த இடம் சோக்கு.

சண்டையில ஆக்களை இழந்த வயசானவையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் முதலே சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ, சில இடத்தில ஷெல் சத்தம், இருட்டு எல்லாம் இருக்கு. மாமிக்கு ஒண்டும் ஆகேல்ல, அவ எங்களை விட உறுதி.

மார்க் எண்டால் 5க்கு 4. அந்த ஒண்டைக் குறைச்சது 2007க்காக. மூண்டாவது கலரியில இரண்டாம் உலகப்போரில ஜேர்மன் நகரங்களில குண்டு போட்டதைப் பற்றி ஒரு போர்ட் இருந்தது, அந்தக் குண்டுவீச்சின்ர பலனும் தர்மமும் இண்டைக்கும் சர்ச்சைதான், 6 லட்சம் ஜேர்மன்காரர் செத்தவை எண்டு சின்னனா, நேரா எழுதியிருந்தது. பழைய விமானப்படைக்காரர் தங்களைக் கொலைகாரர் எண்டு சொல்லுறமாதிரி இருக்கெண்டு எதிர்த்தினம், விசயம் செனட் கமிட்டி வரைக்கும் போச்சுது, நாலு வரலாற்று ஆசிரியர்மாரிட்டயும் கேட்டவை, கடைசியில மியூசியம் போர்டை மாத்தி நீட்டா, மெதுவா எழுதிப் போட்டிட்டுது. சோமாலியாப் படத்தைக் கழட்டமாட்டம் எண்டு நிண்ட அதே மியூசியம் ரெண்டு வருசத்தில இறங்கி வந்தது. பழைய வசனம் இணையத்தில தேடினால் கிடைக்கும், வாசிச்சிட்டுப் போய் புதுப் போர்டுக்கு முன்னால நிண்டு பாருங்கோ, நான் குறைச்ச மார்க் கூடிப்போச்சு எண்டால் கீழ எழுதுங்கோ, மாத்திறன்.